மெசியா முதல் வளனார் வரை: ஒலி பெயர்த்தலும் பொருள் பெயர்த்தலும்

'மெசியா' என்பதன் எபிரேய மூலமான 'மாஷியாக்' என்றால் எண்ணெய் பூசப்பட்டவர். அரசரையும் தலைமைக் குருவையும் பணியில் அமர்த்தும்போது தலையில் எண்ணெய் வார்ப்பது இஸ்ரயேலர் வழக்கம். ஆகவே அது ஓர் ஆளின் பெயரன்று; பொறுப்பைச் சுட்டும் பட்டம். ஏசாயா நூலின் 45ஆம் அதிகாரம், யூதரல்லாத பாரசீகப் பேரரசர் சைரசையும் இச்சொல்லால் குறிக்கிறது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் யூத வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கினர். பெயர்களைப் பெரும்பாலும் ஒலியாகக் கொண்டுசென்றனர். 'யெகோசுவா'வின் குறுகிய வடிவமான 'யேசுவா', கிரேக்கத்தில் 'இயேசூஸ்' ஆயிற்று. கிரேக்கத்தில் 'ஷ' ஒலி இல்லாததால் 'ஸ' வந்தது. ஈற்றிலிருந்த தொண்டை ஒலி மறைந்தது. ஆண்பெயருக்குரிய எழுவாய் விகுதியாக 'ஸ்' ஒட்டியது. விளைவாக, மோசேக்குப் பின் மக்களை நடத்திய யோசுவாவும் நாசரேத்து இயேசுவும் கிரேக்கத்தில் ஒரே பெயர் கொண்டவர்கள். 1611ஆம் ஆண்டின் ஆங்கில கிங் ஜேம்ஸ் பதிப்பு, எபிரெயர் நிருபம் 4:8இல் யோசுவாவை 'ஜீசஸ்' என்று அச்சிட்டதும் இதனால்தான்.

பட்டத்துக்கு வேறு வழி. 'மாஷியாக்' என்பதைப் பொருள் பெயர்த்து 'கிறிஸ்தோஸ்' என்றார்கள். யூத மரபை அறியாத கிரேக்கருக்கு அது விந்தையான சொல். அவர்கள் வழக்கில் அது மேலே தடவும் தைலத்துக்கும் மருந்துக்கும் உரியது. ஆனால் 'கிரேஸ்தோஸ்' அவர்களுக்குப் பழக்கமானது: நல்லவன், பயன்படுபவன் என்று பொருள், அடிமைகளுக்குப் பரவலாக இட்ட பெயரும்கூட. இரண்டின் உச்சரிப்பும் நெருங்கிவிட்டதால் எழுத்தும் குழம்பியது. கிரேக்க விவிலியத்தின் 4ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியான சினாய்ச் சுவடியில் 'கிறிஸ்தவர்' என்ற சொல் வரும் மூன்று இடங்களிலும், எழுதியவரின் முதற்கை 'இ'கர எழுத்துக்குப் பதில் 'ஏ'கார எழுத்தையே இட்டிருக்கிறது. பவுலின் கடிதங்களிலேயே பட்டம் ஏறக்குறைய இயற்பெயராக இறுகிவிட்டதைக் காண்கிறோம். எண்ணெயின் நினைவு அச்சொல்லிலிருந்து மெல்ல வற்றிப்போனது இப்படித்தான் என்பது என் துணிபு.

ஆளின் பெயரையும் பொருள் பெயர்த்த சான்று ஒன்று உண்டு. சீமோனுக்கு இயேசு இட்ட பெயர் 'கேபா', அரமேயத்தில் பாறை. யோவான் நற்செய்தி (1:42) அதைப் 'பேத்ரோஸ்' என்று கிரேக்கத்தில் விளக்குகிறது.

தமிழில் கத்தோலிக்க மரபு இந்த அரிய வழியையே விரும்பி ஏற்றது. 'யோகனான்' என்ற எபிரேயப் பெயர் 'யாவே அருள் செய்தார்' எனப் பொருள்படும். அப்பெயர் கொண்ட யோவான் தமிழில் அருளப்பர். 'பவுலுஸ்' இலத்தீனில் சிறியவர், அவர் சின்னப்பர். பேதுரு இராயப்பர் ஆனார். தெலுங்கில் 'ராயி' என்றால் கல் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 'யோசேப்பு' என்பதன் எபிரேய வேர் கூட்டுதல், பெருக்குதல். வீரமாமுனிவர் தேம்பாவணியில் அவரை வளன் என்றார். ஒலியை விட்டு வேரைப் பிடித்த இந்த ஆக்கத்தில் ஒரு புலவரின் காது தெரிகிறது. தமிழ் மொழிபெயர்ப்பு வரலாற்றில் இதைவிட அழகான பெயராக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

சீர்திருத்தச் சபையார் யோவான், பேதுரு, பவுல் என்று ஒலியையே காத்தனர். கிரேக்கம் ஒட்டிய 'ஸ்' மட்டும் தமிழில் உதிர்ந்து இயேசு, கிறிஸ்து என நின்றது. பதவிப் பெயர்களில் அவர்களும் பொருளையே தேடினர். 'பிரெஸ்பூதெரோஸ்' மூப்பர் ஆனார். 'எபிஸ்கோபோஸ்' என்றால் மேலிருந்து கவனிப்பவர். அதற்கு நிகராக வைத்த 'அத்தியட்சர்' என்ற சொல்லிலும் அதே மேற்பார்வை இருக்கிறது.

இரு மரபினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியத்தில் யோவானும் பேதுருவும் பவுலுமே இடம்பெற்றனர். வேத நூலிலிருந்து விலகிய அருளப்பரும் சின்னப்பரும் இராயப்பரும் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஆட்பெயர்களாக நீடிக்கின்றனர். திருச்சி தூய வளனார் கல்லூரியின் பெயரில் வீரமாமுனிவரின் சொல் நிற்கிறது.