பழுதான ஒலி, வீடியோ கோப்புகளைக் கட்டளைவரியில் சீராக்குதல்

திறக்க மறுக்கும் கோப்பு, பாதியில் நின்றுபோகும் கோப்பு, உதட்டசைவும் குரலும் ஒட்டாமல் ஓடும் கோப்பு, மொத்த நேரத்தைத் தப்பாகக் காட்டும் கோப்பு என்று பலவகைப் பழுதுகளைக் கட்டளை தட்டிச் சரிசெய்யும் முறைகளும் மென்பொருள்களும் 1991 முதல் வளர்ந்துவந்திருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை தனி ஆட்களோ சிறு தன்னார்வக் குழுக்களோ எழுதி, மூலநிரலோடு இலவசமாகத் தந்தவை.

கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் கோப்புகள் பலவற்றில் படமும் ஒலியும் பத்திரமாகவே இருக்கும். எந்தப் பிரேம் கோப்பின் எந்த இடத்தில் தொடங்குகிறது, அதன் நீளம் எத்தனை பைட், எந்த நொடியில் அதைக் காட்ட வேண்டும் என்ற குறிப்புகள்தான் சிதைந்திருக்கும். எனவே உள்ளடக்கத்தைத் தொடாமல் குறிப்புகளை மட்டும் திருத்துவதே முதல் வேலை. கோப்பு அடம்பிடித்த உடனே அதை முழுவதுமாக மறுகுறியாக்கம் செய்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறான வழக்கம். தரம் ஒருமுறை குறைந்தால் திரும்பாது. தப்பான நேரக்கணக்கு புதிய கோப்பிலும் அப்படியே பதிந்துவிடுவதும் உண்டு.

தொடக்கம்: வேவ் கோப்பும் சாக்ஸும்

1985ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஐஎஃப்எஃப் என்ற கோப்பமைப்பை வகுத்தது. தகவலைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதன் பெயரையும் நீளத்தையும் எழுதிவைப்பது அதன் முறை. இதை அடியொற்றி மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991ல் ரிஃப் அமைப்பைக் கொண்டுவந்தன. வேவ் ஒலிக்கோப்பும், 1992ல் வந்த ஏவிஐ வீடியோ கோப்பும் ரிஃப் வகையைச் சேர்ந்தவை.

நீளத்தை முன்கூட்டியே எழுத வேண்டும் என்ற விதியில்தான் சிக்கல் தொடங்கியது. ஒலிப்பதிவு தொடங்கும்போது அது எவ்வளவு ஓடும் என்று பதிவுக்கருவிக்குத் தெரியாது. ஆகவே நீளத்துக்கு உரிய இடத்தில் சுழியத்தை எழுதிவிட்டு, பதிவு முடிந்ததும் திரும்பி வந்து சரியான எண்ணை நிரப்பும். நடுவில் மின்சாரம் போனால் சுழியம் அப்படியே நின்றுவிடும். வட்டில் பல நூறு மெகாபைட் ஒலி கிடக்க, இயக்கும் மென்பொருளோ காலிக்கோப்பு என்று சொல்லும். நீள எண்ணுக்கு 32 பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருப்பதால் 4 ஜிபி என்ற எல்லையும் உண்டு. குறுந்தகட்டுத் தரத்தில், அதாவது நொடிக்கு 1,76,400 பைட் வீதம், தொடர்ந்து பதிவுசெய்தால் ஏறத்தாழ ஆறே முக்கால் மணி நேரத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

லான்ஸ் நார்ஸ்காக் எழுதி 1991ல் வெளியிட்ட சாக்ஸ், ஒலிக்கோப்புகளை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்காகப் பிறந்தது. பின்னர் கிறிஸ் பேக்வெல் அதை நெடுங்காலம் பராமரித்தார். தலைப்பில் உள்ள நீளத்தைப் பொருட்படுத்தாமல் கோப்பின் கடைசி பைட்வரை படிக்கச் சொல்லும் வசதி அதில் உண்டு. மேலே சொன்ன சுழியப் பழுதுக்கு அதுவே மருந்து. தலைப்பே அழிந்திருந்தால், மாதிரி வீதம், பிட் அளவு, தடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை நாமே சொல்லி, எஞ்சியதை வெறும் எண்வரிசையாகப் படிக்கச் செய்யலாம். இதில் ஒரு பைட் பிசகக்கூடாது. 16 பிட் ஒலியில் ஒவ்வொரு மாதிரியும் இரண்டு பைட். ஒரு பைட் தள்ளித் தொடங்கினால் ஒவ்வொரு எண்ணும் பக்கத்து எண்ணோடு கலந்து, பேச்சு இருக்க வேண்டிய இடத்தில் காதைக் கிழிக்கும் இரைச்சல் வரும். அப்போது இன்னும் ஒரு பைட்டை விட்டுத் தொடங்கினால் குரல் தெளிவாகக் கேட்கும்.

ஓடையாகப் பிறந்த வடிவங்கள்

ஒலி, வீடியோ தரங்களை வகுத்த எம்பெக் குழுவின் தொடக்ககால வடிவங்கள் வேறு நோக்கில் உருவானவை. எம்பி3 கோப்பு சிறு பிரேம்களின் வரிசை. ஒவ்வொரு பிரேமும் தொடர்ச்சியான பதினொரு ஒன்றுகளோடு தொடங்கும். இயக்கி எந்த இடத்தில் இறங்கினாலும் அந்த அடையாளத்தைத் தேடிப் பிடித்துத் தொடரலாம். ஆகவே பாதி அறுந்த எம்பி3யும் பாடும். தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு உருவான டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் 188 பைட் பொட்டலங்களால் ஆனது; ஒவ்வொன்றின் முதல் பைட்டும் ஒரே எண். மழையிலும் காற்றிலும் சிக்னல் அறுபடும் என்று தெரிந்தே வகுத்த அமைப்பு இது.

அதற்கும் ஒரு விசித்திரப் பழுது உண்டு. நேரமுத்திரைகள் நொடிக்கு 90,000 துடிப்புள்ள கடிகாரத்தில், 33 பிட் எண்ணாக எழுதப்படுகின்றன. ஏறத்தாழ 26 மணி 30 நிமிடத்தில் அந்த எண் நிரம்பி மறுபடி சுழியத்துக்கு வரும். நிலையத்தின் கடிகாரம் சுழியத்துக்குத் திரும்பும் கணம் ஒருவர் பதிவுசெய்யும் அரைமணி நிகழ்ச்சியின் நடுவில் விழுந்தால், சில இயக்கிகள் அதை ஒரு நாளுக்கு மேல் ஓடும் படமாகக் காட்டும். நேரமுத்திரைகளைப் புதிதாக எழுதினால் போதும்.

எந்தப் பிரேம் எங்கே என்று குறிக்கும் அட்டவணை ஏவிஐ வகையில் கோப்பின் கடைசியில் இருக்கும். இணைய இணைப்பு அறுந்து பாதியில் நின்ற தரவிறக்கங்களில் முதலில் தொலைந்தது அதுதான். ஹங்கேரியில் ஆர்பாட் கெரெஃபி 2000ல் தொடங்கிய எம்பிளேயர் திட்டம் இதற்கு நேரடியான தீர்வு தந்தது. கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்து அட்டவணையைத் தானே கட்டிக்கொள்ளும். அதன் துணைக்கருவியான மென்கோடர், படத்தையும் ஒலியையும் நகலெடுத்துப் புதிய அட்டவணையோடு வேறொரு கோப்பாக எழுதித்தரும்.

எஃப்எஃப்எம்பெக்

பிரெஞ்சு நிரலாளர் ஃபேப்ரிஸ் பெல்லார் 2000 டிசம்பரில், ஜெரார் லாந்தோ என்ற புனைபெயரில் எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கினார். பிற்பாடு மைக்கேல் நீடர்மயர் பொறுப்பேற்று 2015 வரை வழிநடத்தினார். இந்தத் துறையின் மையக்கருவி இதுவே. பல இயக்கிகளும் மாற்றிகளும் இதன் நூலகங்களை உள்ளே வைத்திருக்கின்றன.

சீரமைப்பில் இதன் மிகப் பயனுள்ள வேலை மறுபொதிவு. குறியாக்கத்தைத் தொடாமல் தடங்களை ஒரு பொதியிலிருந்து, அதாவது அவற்றை அடக்கியிருக்கும் கோப்பமைப்பிலிருந்து, எடுத்து இன்னொரு பொதியில் வைக்கும். வேலை சில நொடிகளில் முடியும், தரம் குறையாது, அட்டவணை புதிதாகக் கட்டப்படும். இல்லாத நேரமுத்திரைகளை உருவாக்கவும், சிதைந்த பொட்டலங்களைத் தள்ளிவிடவும் தனித்தனி விருப்பங்கள் இருக்கின்றன. கோப்பு எங்கே கெட்டிருக்கிறது என்று அறிய, எதையும் எழுதாமல் முழுவதையும் குறிவிலக்கிப் பிழைகளை மட்டும் திரையில் காட்டச் சொல்லலாம். சீரமைக்கத் தொடங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

உதடும் குரலும் விலகும் பழுதில் இரண்டு வகை. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவு விலகியிருந்தால் ஒரு தடத்தை நகர்த்தினால் போதும். போகப்போக விலகல் கூடினால் வீதமே தப்பு. நொடிக்கு 29.97 பிரேம் உள்ள படத்தை 30 என்று எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 3.6 நொடி விலகிவிடும். இந்தப் பழுதை ஒலியை நகர்த்தித் தீர்க்கப் பார்ப்பவர்கள் ஓரிடத்தில் ஒட்டவைத்து இன்னோரிடத்தில் விட்டுவிடுவார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அளந்துபார்த்தால் எந்த வகை என்று ஐயமின்றித் தெரியும்.

2011ல் திட்டம் பிளவுபட்டது. பிரிந்தவர்கள் லிப்ஏவி என்ற பெயரில் தனியே நடத்தினர். லினக்ஸ் வெளியீடுகளான டெபியனும் உபுண்டுவும் சில ஆண்டுகள் அந்தப் பக்கம் நின்றன. அவற்றில் எஃப்எஃப்எம்பெக் என்ற பழைய கட்டளையைத் தட்டியவர்களுக்கு அது வழக்கொழிந்தது என்ற எச்சரிக்கை வந்தது. வழக்கொழிந்தது அந்தப் பிரிவின் கட்டளைப்பெயர்தான், மூலத்திட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. 2015ல் டெபியன் எஃப்எஃப்எம்பெக்குக்குத் திரும்பியது. 2018க்குப் பின் லிப்ஏவி புதிய பதிப்பு எதையும் வெளியிடவில்லை.

சிதைந்த கோப்பைத் திறப்பது பாதுகாப்புக்கும் ஆபத்தானது. தப்பான ஒரு நீள எண், நினைவகத்தின் வேறு பகுதியில் எழுதச் செய்துவிடும். வேண்டுமென்றே கெடுத்த கோப்புகளை ஊட்டி கூகுள் ஆய்வாளர்கள் நடத்திய சோதனையின் பயனாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் எஃப்எஃப்எம்பெக்கில் சேர்ந்ததாக 2014 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. இன்று பழுதான கோப்பை அது நிதானமாகக் கையாள்வதில் அந்தத் திருத்தங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

மூவ் பெட்டி இல்லாத எம்பி4

அதிகம் பேரைக் கலங்கடித்த பழுது இது. ஆப்பிள் 1991 டிசம்பரில் வெளியிட்ட குவிக்டைமின் கோப்பமைப்பே எம்பி4க்கு அடிப்படை. கோப்பு முழுவதும் பெட்டிகள். ஒவ்வொன்றின் முதல் நான்கு பைட் அளவு, அடுத்த நான்கு பெயர். படமும் ஒலியும் எம்டாட் என்ற பெட்டியில் கலந்து கிடக்கும். எந்த பைட்டிலிருந்து எந்த பைட்வரை எந்தப் பிரேம் என்ற விவரம் முழுக்க மூவ் என்ற பெட்டியில் இருக்கும். நாள் முழுக்க வியாபாரம் பார்த்துவிட்டுக் கடை அடைக்கும்போது பேரேடு எழுதுவதுபோல, கேமரா பெரும்பாலும் மூவ் பெட்டியைப் பதிவு நின்றபின்தான் எழுதுகிறது. அதற்குள் பேட்டரி தீர்ந்தாலோ அட்டையை உருவினாலோ எம்டாட் மட்டும் மிஞ்சும். எஃப்எஃப்எம்பெக் 'மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்' என்ற ஒரே வரியைச் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

மூவ் பெட்டி கடைசியில் இருந்தாலே இணையத்தில் படம் உடனே ஓடத் தொடங்காது. மைக் மெலான்சன் எழுதிய க்யூடி-ஃபாஸ்ட்ஸ்டார்ட் அதை முன்னுக்கு நகர்த்தித் தந்தது. பெட்டியே இல்லாதபோது அது உதவாது. அந்த நிலைக்கு வழிகண்டது ஃபெடரிகோ பொன்கியோ எழுதிய அன்ட்ரங்க். அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றையும் பழுதான கோப்பையும் சேர்த்து அதனிடம் தர வேண்டும். நல்ல கோப்பிலிருந்து குறிவிலக்கத்துக்கு வேண்டிய அளவுருக்களை எடுத்துக்கொள்ளும். பிறகு பழுதான கோப்பின் எம்டாட்டைத் தொடக்கத்திலிருந்து படித்துப்போகும். இங்கே கிடப்பது எச்.264 படத்துண்டா, ஏஏசி ஒலித்துண்டா? படத்துண்டானால் முதல் நான்கு பைட்டில் அதன் நீளம் இருக்கும்; அந்த நீளம் தாண்டி விழும் இடத்தில் பொருத்தமான அடுத்த துண்டு தொடங்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, அளவுகள், இடங்கள், கால அளவுகள் ஆகியவற்றின் அட்டவணைகளை மறுபடி எழுதி, புதிய மூவ் பெட்டியை உருவாக்கும். கல்யாணம், நேர்காணல், களப்பதிவு என்று மறுபடி எடுக்க முடியாத எத்தனையோ பதிவுகளுக்கு இந்தச் சிறிய நிரலே கடைசி நம்பிக்கை.

பொதிகள் கற்ற பாடம்

2002 டிசம்பரில் தொடங்கிய மட்ரோஸ்கா என்ற பொதி வடிவம், தகவலைக் கொத்துக்கொத்தாக எழுதி ஒவ்வொரு கொத்திலும் நேரத்தைக் குறித்துவைக்கும். பதிவு அறுந்தால் அறுந்த இடம்வரை ஓடும். மோரிட்ஸ் புங்குஸின் எம்கேவிடூல்நிக்ஸ் அதை மறுபொதிவு செய்து அட்டவணை போட்டுத்தரும். திரைப்பதிவுக்குப் பெயர்பெற்ற ஓபிஎஸ் ஸ்டூடியோ இதனாலேயே மட்ரோஸ்காவை விரும்பியது. 2024ல் வந்த அதன் 30.2 பதிப்பு, ஓடும்போது துண்டு துண்டாக எழுதி, முடிவில் வழக்கமான எம்பி4ஆக மாற்றிக்கொள்ளும் கலப்பு முறையையும் சேர்த்தது.

காப்பகங்களின் தேவை

வட்டிலோ அட்டையிலோ பௌதிகப் பழுது இருந்தால் மேற்சொன்ன எந்தக் கருவிக்கும் முன்னால் டிடிரெஸ்க்யூ வர வேண்டும். அன்டோனியோ டியாஸ் டியாஸ் 2004 முதல் எழுதிவரும் இது, நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்து, படிக்க முடியாத இடங்களைக் குறித்துவைத்துப் பிறகு திரும்பி வரும். பிற வேலைகள் எல்லாம் அந்த நகலில்தான் நடக்க வேண்டும்.

வீட்டில் பார்ப்பவருக்குப் பழுது கண்ணில் படாமல் இருந்தால் போதும். எஃப்எஃப்எம்பெக்கின் குறிவிலக்கி, தொலைந்த கட்டங்களின் அசைவைப் பக்கத்துக் கட்டங்களிலிருந்து ஊகித்து நிரப்புவது அதற்காகத்தான். காப்பகத்துக்கோ எது அசல், எது ஊகம் என்று தெரிந்தாக வேண்டும். ஜோஷ் கோல்சன் 2001ல் முதல் பதிப்பு வெளியிட்ட ஃப்ளாக் என்ற ஒலி வடிவம், முழு ஒலிக்கும் ஒரு எம்டி5 சரிபார்ப்பு எண்ணைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது; ஒரு கட்டளையில் சோதித்துவிடலாம். நீடர்மயர் உருவாக்கிய எஃப்எஃப்வி1 என்ற வீடியோ வடிவம், மூன்றாம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு பிரேமையும் சில்லுகளாகப் பிரித்து, சில்லுக்கு ஒரு சரிபார்ப்பு எண் இடுகிறது. படத்தின் எந்த மூலை கெட்டது என்பதுவரை சொல்லும். எஃப்எஃப்வி1க்கு 2021லும் மட்ரோஸ்காவுக்கு 2024லும் இணையப் பொறியியல் பணிக்குழு முறையான வரையறை வெளியிட்டது. பிரேம் பிரேமாக எம்டி5 எண் எழுதித்தரும் வசதி எஃப்எஃப்எம்பெக்கில் இருப்பதால், சீரமைப்புக்கு முன் படிக்க முடிந்த பிரேம்களின் எண்களையும் பின் எடுத்தவற்றையும் ஒப்பிட்டு, நேரக்குறிப்பு மட்டுமே மாறியது, உள்ளடக்கம் மாறவில்லை என்று காப்பகப் பதிவேட்டில் சான்றோடு குறிக்க முடிகிறது.