மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் ஆண் குழந்தைப் பெயர்கள்: பொருளும் பதிவு விதிகளும்

மும்பை: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் உள்ளிட்ட பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆண் குழந்தைக்குச் சூட்டப்படும் பெயர், தமிழிலும் தேவநாகரியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டு வாழ்நாள் முழுவதும் பயன்படுகிறது. தமிழில் அழகிய பொருள் தரும் பெயர், பிறப்புப் பதிவேட்டில் ஓர் எழுத்து மாறியதால் பொருள் இழப்பதுண்டு. குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதும் தமிழ்ப் பெற்றோருக்கு எளிய கேள்வி அன்று. பெயர்களின் பொருளையும், பதிவின்போது கவனிக்க வேண்டியவற்றையும் இத்தொகுப்பில் காணலாம்.

மூன்று பகுதிகள், மூன்று மரபுகள்

தாராவித் தமிழர்களில் பெரும்பகுதியினரின் பூர்வீகம் திருநெல்வேலி வட்டாரம். அங்குள்ள முதியோரிடையே இசக்கிமுத்து, சுடலைமுத்து, பேச்சிமுத்து, மாரியப்பன் போன்ற பெயர்களை இன்றும் கேட்கலாம். இவை காவல் தெய்வங்களின் பெயர்கள். இயக்கி என்ற சொல்லே இசக்கி என மருவியது. சுடலை என்பது சுடுகாட்டைக் குறிக்கும். அங்கு உறையும் மாடனின் பெயரால் அமைந்ததே சுடலைமுத்து.

மாட்டுங்காவில் குடியேறிய பாலக்காடு, தஞ்சாவூர் வட்டாரக் குடும்பங்களில் முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனாரின் பெயரையும் இடுவது வழக்கம். விஸ்வநாதன் என்றால் உலகின் தலைவன். ராமநாதன் என்பது ராமனால் வழிபடப்பட்ட ராமேஸ்வரத்துச் சிவனைக் குறிக்கும். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் மகனின் மகன் ‘பெயரன்’ எனப்பட்டான். அச்சொல்லே பேச்சு வழக்கில் பேரன் ஆனது.

செம்பூர் சேடா நகரில் உள்ள முருகன் கோயில், திருச்செம்பூர் முருகன் கோயில் என்று அழைக்கப்படுகிறது. செந்தில், குமரன், வேலன், சண்முகம் ஆகிய முருகன் பெயர்கள் மும்பைத் தமிழரிடையே பரவலாக உள்ளன. குமரன் என்றால் இளைஞன். வேலன் வேலை ஏந்தியவன். சண்முகம் ஆறு முகங்களைக் குறிக்கும்.

சங்க காலப் பெயர்கள்

செழியன், மாறன்: பாண்டிய மன்னர்களின் பெயர்கள்.
வளவன்: சோழரைக் குறிக்கும் பெயர், வளம் உடையவன்.
குட்டுவன்: சேர மன்னர்களின் பெயர்.
பாரி: பறம்பு மலையை ஆண்ட வள்ளல்.
ஓரி: கொல்லி மலையை ஆண்ட வள்ளல்.
அதியன்: தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட மரபினர்.
இளங்கோ: இளவரசன்.
கபிலன்: பாரியின் நண்பரான புலவரின் பெயர்.

தனித்தமிழ்ப் பெயர்கள்

1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் பெயர் சூட்டும் முறையையே மாற்றியது. அதன் முன்னோடியான வேதாசலம், மறை என்ற சொல்லை வேதத்துக்கும் மலை என்ற சொல்லை அசலத்துக்கும் இணையாகக் கொண்டு மறைமலை அடிகள் ஆனார். பின்னாளில் திராவிட இயக்கத் தலைவர்களான நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், ராமையா அன்பழகனாகவும் தம் பெயரை மாற்றிக்கொண்டனர். இம்மரபில் இன்று சூட்டப்படும் சில பெயர்கள்:

இனியன்: இனிமையானவன்.
எழிலன், கவின்: அழகைக் குறிக்கும் பெயர்கள்.
முகிலன்: மேகம் போன்றவன்.
கதிரவன், ஆதவன்: சூரியன்.
நிலவன்: நிலவைப் போன்றவன்.
அமுதன்: அமுதம் போன்றவன்.
அறிவழகன்: அறிவால் அழகு பெற்றவன்.

கொரியாவிலும் இதே கேள்வி

கொரியத் தொடர்களின் வரவேற்பால் கொரிய ஆண் பெயர்களும் இளம் பெற்றோரின் கவனத்தை ஈர்த்துள்ளன. கொரியாவில் கிம், லீ, பார்க் போன்ற குடும்பப் பெயர் முதலில் வரும். அதன்பின் பெரும்பாலும் இரண்டு அசைகளில் இயற்பெயர் அமையும். ஜி-ஹூன், மின்-ஜுன் ஆகியவை பரவலான ஆண் பெயர்கள். அவற்றை எந்தச் சீன எழுத்தால் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தே பொருள் அமையும். ஜி என்ற ஒலி ஓர் எழுத்தில் அறிவையும் மற்றோர் எழுத்தில் மனவுறுதியையும் குறிக்கும். சீன எழுத்தைச் சாராத தூய கொரியப் பெயர்களும் உண்டு. ஹனுல் என்றால் வானம். கராம் என்பது ஆற்றைக் குறிக்கும் பழஞ்சொல். ஒலி ஒன்றாக இருந்தாலும் பொருளைத் தீர்மானிப்பது எழுத்தே என்ற கொரிய நிலை, மும்பைத் தமிழருக்கும் பொருந்தும்.

எழுத்து மாறினால் பொருள் மாறும்

மராத்தியில் ளகரம் உண்டு; ஆனால் ழகரம் வழக்கில் இல்லை. எனவே எழிலன் என்ற பெயர் ‘எளிலன்’ அல்லது ‘எலிலன்’ என்றே பதிவாகும். இரண்டுக்கும் தமிழில் பொருள் இல்லை. எகர, ஒகரக் குறிலும் நெடிலும் மராத்தி எழுத்தில் வேறுபடுவதில்லை. றகரமும் ரகரமும் ஒன்றாகிவிடுவதால், பாண்டியனைக் குறிக்கும் மாறன், மன்மதனைக் குறிக்கும் மாரனாக வாசிக்கப்படும். தமிழில் ஒரே ககரம் இரு ஒலிகளுக்கும் பயன்படுவதால், முகிலன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறோமோ அப்படியே ஆசிரியர்கள் அழைப்பார்கள்.

இனியன், நிலவன், குமரன், வேலன், பாரி, கவின், ஆதவன் போன்றவை மூன்று எழுத்து முறைகளிலும் பெரும் சிதைவின்றி நிற்பவை. ழகரம் கொண்ட பெயரை விரும்புவோர், தேவநாகரியில் ளகரத்தையே எல்லா ஆவணங்களிலும் ஒரே சீராகப் பயன்படுத்துவது நலம்.

குடும்பப் பெயர்க் கட்டம்

தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்தாக நிற்கும். தனிக் குடும்பப் பெயர் பலருக்கும் இல்லை. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அதன்பின் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் எழுதும் வழக்கம் அங்கு வெகுவாகக் குறைந்தது. மகாராஷ்டிரத்திலோ ‘ஆட்நாவ்’ எனப்படும் குடும்பப் பெயர் இன்றிப் படிவம் நிறைவு பெறுவதில்லை. அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காக, ஊரில் கைவிடப்பட்ட பட்டம் மும்பையில் மீண்டும் பெயரோடு ஒட்டிக்கொள்வதுண்டு.

பெயர் அடையாளமாக நோக்கப்பட்ட காலமும் இந்நகரில் இருந்தது. 1960-களில் ‘மார்மிக்’ இதழ், மும்பை நிறுவனங்களில் பணியாற்றிய தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966-இல் சிவசேனா தொடங்கப்பட்ட சூழலில், ஒருவரின் பெயரே அவர் எந்த மாநிலத்தவர் என்பதைக் காட்டிக்கொடுத்தது.

பட்டம் வேண்டாம் என்போருக்கு மாற்று வழிகள் உண்டு. தந்தையின் பெயரையே குடும்பப் பெயராக எழுதலாம்; ஆனால் அது தலைமுறைதோறும் மாறும். பாட்டனார் பெயரையோ பூர்வீக ஊரின் பெயரையோ நிலையான குடும்பப் பெயராக்கினால் இம்மாற்றம் நேராது. எதைத் தேர்ந்தாலும் உடன்பிறந்தோர் அனைவருக்கும் அதையே பயன்படுத்துவது பின்னாளில் சிக்கலைத் தவிர்க்கும்.

நினைவில் கொள்ள வேண்டிய விதிகள்

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரின்றிப் பதிவான குழந்தைக்கு 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம்.

2023 அக்டோபர் 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் உள்ளிட்டவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். எனவே அதில் உள்ள எழுத்துக்கூட்டலே பிற ஆவணங்களுக்கும் அடிப்படையாகிறது.

2024 மே 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு, மகாராஷ்டிர அரசின் முடிவுப்படி குழந்தையின் பெயர், தாயின் பெயர், தந்தையின் பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசை பின்பற்றப்படுகிறது. தந்தை பெயரையே குடும்பப் பெயராக எழுதும் தமிழ்க் குடும்பங்களில் அப்பெயர் இருமுறை இடம்பெற வாய்ப்புண்டு. விண்ணப்பிக்கும் முன் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டை ஒற்றைப் பெயரிலும் பெறலாம். ஆயினும் ஒற்றைப் பெயர் கொண்ட கடவுச்சீட்டுகளுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு விதித்தது. வளைகுடா நாடுகளில் வேலைவாய்ப்பை எதிர்நோக்கும் குடும்பங்கள் இதனையும் கருத்தில் கொள்ளலாம்.

பெயரைத் தேர்ந்ததும் மூன்று எழுத்து முறைகளிலும் எழுதி, பதிவு அலுவலகத்துக்குச் செல்லும் முன் வாசித்துப் பார்ப்பது பயன் தரும். பிழை பதிவாகிவிட்டால், திருத்தத்துக்கான விண்ணப்பமும் அரசிதழ் அறிவிப்பும் எனப் பிந்தைய நடைமுறைகள் நீளும்.