கரிசல் மேடையில் இசை நாடகம்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துப் போற்றுவது நம் மரபு. அம்மூன்றும் ஒரே மேடையில் ஒன்றுகலந்து நின்ற காலம் இசை நாடகக் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தென்பாண்டி மக்களின் இரவுகளை ஆண்டது இக்கலையே எனலாம்.

ஐரோப்பாவிலும் இதனை ஒத்த வடிவம் ஒன்று செழித்தது. பாரிசில் ஓஃபன்பாக் 1858-இலும், வியன்னாவில் இரண்டாம் யோகான் ஸ்ட்ராஸ் 1874-இலும் அரங்கேற்றிய ஆப்பரெட்டாக்கள், ஆப்பராவின் கனத்தைக் குறைத்துப் பேச்சும் பாட்டும் நகைச்சுவையும் கலந்து தந்தவை. தமிழ் இசை நாடகம் அவற்றின் வழிவந்ததன்று. தெருக்கூத்து அதன் தாய். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையும் அதன் முன்னோடிகள். பார்சி நாடகக் குழுவினரின் திரைச்சீலையும் ஆர்மோனியமும் புதிய மெட்டுகளும் அதற்கு வாய்த்த புத்தாடை. எனினும் இரண்டிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. புலமை உலகம் இலேசானது என ஒதுக்கியதை மக்கள் மனப்பாடமாக்கிக் கொண்டனர்.

இவ்வடிவத்திற்கு வரம்பு கட்டியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களில் வெண்பாவையும் விருத்தத்தையும் சிந்தையும் பாமரர் செவிக்கு விருந்தாக்கினார். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயின்றவர்களே டி.கே.எஸ். சகோதரர்கள். பல ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி ஒரே இரவுக்குக் கூடி நடிக்கும் 'ஸ்பெஷல் நாடகம்' நிலைபெற்றதும் சுவாமிகளின் பாடத்தால்தான். இராசபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வெவ்வேறு ஊரினராயினும் இருவர் நெஞ்சிலும் ஒரே பாடம் இருந்தது. அப்பாடத்தின் இடையே காலத்திற்கேற்ற பாட்டைச் சேர்க்க நடிகருக்கு உரிமையும் இருந்தது.

அவ்வுரிமையை விடுதலைப் போருக்குப் படைக்கலமாக்கியவர், சிவகாசியில் 1886-இல் பிறந்த தியாகி விசுவநாததாஸ். வள்ளி திருமணத்தில் வேலனாகத் தோன்றி, வெள்ளைக் கொக்கைச் சாடும் மதுரகவி பாஸ்கரதாஸின் பாடலை அவர் பாடுவார். கொக்கு யாரென்று அவையோர்க்கு விளக்க வேண்டியதில்லை. காவலர்க்கும் விளக்க வேண்டியதில்லை. பலமுறை சிறை சென்றார். மீண்டும் மேடையேறி அதையே பாடினார்.

அரசு தந்த துன்பத்தினும் கொடியது சமூகம் தந்த இழிவு. முடிதிருத்தும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவருடன் நடிக்க மறுத்த நடிகையர் இருந்தனர். அந்நாளில் அவருக்கு இணையாகத் துணிந்து நடித்தவர், பின்னாளில் சட்டமன்ற உறுப்பினரான கே.பி. ஜானகியம்மாள். வள்ளியை மணக்கக் குறவர் குடிக்குள் வரும் முருகனின் கதையைக் கண்டு கண்ணீர் மல்கிய அவையிலேயே, முருகனாக நடித்தவரின் குலம் கேட்கப்பட்டது! 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருக வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

1931-இல் தமிழில் பேசும்படம் வந்தபின் இசை நாடகக் கதைகளும் பாடகர்களும் திரைக்குப் பெயர்ந்தனர். பவளக்கொடி (1934) வழியாகவே எம்.கே. தியாகராச பாகவதர் திரையில் அறிமுகமானார். மேடை மெலிந்தது, ஆனால் மறையவில்லை. ஆலங்குளம், சிவகாசி, சாத்தூர் வட்டாரக் கரிசல் ஊர்களில் கோயில் கொடைகளின்போது வள்ளி திருமணம் விடிய விடிய நடப்பது இன்றும் உண்டு.

தமிழ் இலக்கிய வரலாறுகள் இம்மேடைப் பாடல்களுக்கு அளித்திருக்கும் இடம் மிகச் சிறிது. எளிய மெட்டுக்கு எழுதப்பட்டவை என்பதே காரணமெனில், அக்காரணம் மறுஆய்வுக்கு உரியது. எழுத்தறியாதவரும் விளக்கமின்றிப் பொருள் கொண்ட குறிப்புமொழி அது. ஒரு பேரரசையும் அஞ்சவைத்த மொழி அது. கவிதைக்கு அதனினும் பெரிய தகுதி எதுவென்பதைக் கவிஞர்களே கூற வேண்டும்.