1950ஆம் ஆண்டு லோர்ட்ஸ் வெற்றி: ஒரு சமூக வரலாற்று நோக்கு

விளையாட்டை ஓய்வுநேரக் களிப்பெனக் கொண்டு வரலாற்றாய்வின் புறத்தே நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆயின், குடியேற்ற நாடுகளில் கிரிக்கெற் ஆட்டம் ஆளுவோரின் ஒழுக்க விழுமியங்களைக் கற்பிக்கும் சாதனமாகவும், ஆளப்படுவோர் தம் ஆற்றலை நிலைநாட்டும் களமாகவும் ஒருங்கே இயங்கியது. இம்முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வாக, 1950ஆம் ஆண்டுக் கோடையில் மேற்கிந்திய அணி இங்கிலாந்தில் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தை நாம் கருதலாம்.

முதலில் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். நான்கு ரெஸ்ற் போட்டிகளுள் முதலாவதில் இங்கிலாந்து 202 ஓட்டங்களால் வென்றது. யூன் 29ஆந் திகதி லோர்ட்ஸ் மைதானத்தில் முடிவுற்ற இரண்டாவது போட்டியில் மேற்கிந்திய அணி 326 ஓட்டங்களால் வென்றது. 1928 முதல் ரெஸ்ற் ஆடிவந்த அவ்வணி இங்கிலாந்து மண்ணிற் பெற்ற முதல் ரெஸ்ற் வெற்றி இதுவே. அடுத்த இரு போட்டிகளையும் வென்று 3-1 எனத் தொடரையும் அது கைப்பற்றியது. லோர்ட்ஸில் வீழ்ந்த இங்கிலாந்தின் 20 விக்கெற்றுகளுள் ராமதீன் 11, வலன்ரைன் 7 என இரு இளஞ் சுழற்பந்து வீச்சாளர் வீழ்த்தியவை 18 ஆகும். இங்கிலாந்தின் கொம்ப்ரன் காயத்தினால் முதல் மூன்று போட்டிகளிலும் ஆடவில்லை என்பது உண்மையே. ஆயினும், அவர் ஆடிய ஓவல் போட்டியில், ஹட்டன் ஆட்டமிழக்காது 202 ஓட்டங்கள் பெற்றிருந்தும், இங்கிலாந்து ஓர் இன்னிங்ஸ், 56 ஓட்டங்களால் தோற்றது.

இவ்வணியின் சமூக அமைப்பு மனங்கொள்ளத்தக்கது. 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கல்கத்தாவிலிருந்தும், சிறுதொகையினர் சென்னையிலிருந்தும் திரினிடாட் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அத்தகைய இந்திய வம்சாவளியினருள் மேற்கிந்திய அணிக்காக ரெஸ்ற் ஆடிய முதல்வர் ராமதீனே. பார்படோஸின் வீக்ஸ் கென்சிங்ரன் மைதானத்தின் அயலில் வளர்ந்தவர். அம்மைதானத்துக்குரிய பிக்விக் கழகமோ அக்காலத்தில் கறுப்பரை உறுப்பினராக ஏற்றதில்லை. அணித்தலைவர் கொடார்ட் வெள்ளையர். 1937-38 காலத் தொழிலாளர் எழுச்சிகளின் பின்னர் யமேய்க்கா 1944இலும், திரினிடாட் 1946இலும் சர்வசன வாக்குரிமையுடன் தேர்தல்களைக் கண்டிருந்தன. வாக்குரிமை விரிந்த போதும் அணித்தலைமை பழைய உயர்குழாத்தின் கையிலேயே தங்கியிருந்தது.

பார்வையாளரும் வரலாற்றின் பங்காளிகளே. 1948இல் 'விண்ட்றஷ்' கப்பலில் இங்கிலாந்து சென்ற மேற்கிந்தியருள் லோட் கிச்சினர், லோட் பிகினர் எனும் கலிப்சோப் பாடகர் இருவரும் இருந்தனர். லோர்ட்ஸ் வெற்றியன்று கிச்சினர் கிற்றாருடன் மைதானத்தில் ஊர்வலம் நடத்தினார். பிகினர் பாடிய வெற்றிக் கலிப்சோ இசைத்தட்டாகப் புகழ்பெற்றது. திரினிடாட்டில் அன்றாட நடப்புகளை விமர்சிக்கும் வாய்மொழிக் கவிதையாக வளர்ந்த வடிவம், ஆளும் நாட்டின் தலைநகரிலே தன் மக்களின் வெற்றியைப் பதிவுசெய்தமை இலக்கிய மாணவர் கவனிக்க வேண்டியதொன்றாகும்.

எனினும், இவ்வெற்றியே விடுதலையைக் கொணர்ந்தது எனக் கூறின் அது கற்பனாவாதமாகவே முடியும். 1948இல் ஹெட்லி ஒரேயொரு போட்டிக்குத் தலைமை தாங்கியமை நீங்கலாக, கறுப்பர் எவரும் அதுவரை மேற்கிந்தியத் தலைவராக நியமிக்கப்படவில்லை. 1950இன் பின்னரும் பத்தாண்டுகள் அந்நிலை தொடர்ந்தது. சி. எல். ஆர். ஜேம்ஸ் 'த நேஷன்' பத்திரிகையில் விடாது கிளர்ச்சி செய்த பின்னரே, 1960-61 அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு வொறல் தலைவரானார். யமேய்க்காவும் திரினிடாட்டும் 1962இல் சுதந்திரமடைந்தன.

அவ்வாறாயின் 1950இன் முக்கியத்துவம் யாது? அதுகாறும் தலைமை மறுக்கப்பட்டதற்குத் திறமையின்மை எனும் சாட்டு ஓரளவேனும் எடுபட்டது. லோர்ட்ஸின் பின் அச்சாட்டு பொருளிழந்தது. மறுப்பின் மெய்க்காரணம் நிறமும் வர்க்கமுமே என்பது வெளிப்பட்டது. களத்திற் பெற்ற வெற்றி அதிகாரத்தை மாற்றவில்லை. அதிகாரம் தன்னை நியாயப்படுத்திய சொல்லைப் பறித்தது. எஞ்சியதை மக்கள் இயக்கமும் எழுத்தும் நிறைவேற்ற வேண்டியிருந்தது. பொருளாதார அடித்தளத்தின் வெறும் நிழலாகப் பண்பாட்டைக் காண்போர் இவ்விடைத்தொடர்பைத் தவறவிடுவர்.