பிள்ளையின் மனமறிந்து ஓதிக்கொடுத்தல்

மக்தபில் பாடம் ஒப்பிக்க முடியாமல் ஒரு பிள்ளை அழுதால், "சோம்பேறி" என்று சொல்லிப் பிரம்பை எடுப்பது எளிது. அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொன்னவர்கள் நம் முன்னோர்களான அறிஞர்கள்.

நஃப்ஸுக்கு மூன்று நிலைகளைக் குர்ஆன் கூறுகிறது: தீமைக்குத் தூண்டும் அம்மாரா (12:53), தன்னையே பழித்துக்கொள்ளும் லவ்வாமா (75:2), அமைதியடைந்த முத்மஇன்னா (89:27). ஓதிக்கொடுப்பவர் பத்திரமாகக் காக்க வேண்டியது லவ்வாமாவைத்தான். தவறு செய்த பிள்ளைக்கு உள்ளே உறுத்துகிறதே, அதுதான் அது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058–1111) தமது இஹ்யா உலூமித்தீனில் இதற்கு வழி சொல்கிறார்கள். பிள்ளை முதன்முறை தவறு செய்தால், அதிலும் அதை மறைக்க முயன்றால், கண்டும் காணாமல் விட்டுவிட வேண்டும். அம்பலப்படுத்தினால் வெட்கம் போய்த் துணிச்சல் வந்துவிடும். மீண்டும் செய்தால் தனியே அழைத்துக் கண்டிக்கலாம். ஓயாமல் ஏசினால் சொல் உறைக்காது. ஓதி முடித்த பிள்ளையை விளையாட விட வேண்டும். தடுத்தால் உள்ளம் செத்துப் புத்தி மழுங்கும் என்கிறார்கள். (பள்ளிக்கூடம், டியூஷன், மக்தப் என்று ஓடும் நம் பிள்ளைகளுக்கு விளையாட எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது?)

சிறுவராக வந்து நபி (ஸல்) அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களிடம், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று நபியவர்கள் ஒருமுறைகூடக் கடிந்து கேட்டதில்லை (புகாரி, முஸ்லிம்).

கடுமையில் வளரும் மாணவன் அடிக்குப் பயந்து பொய்யும் நடிப்பும் பழகுகிறான், பிறகு அதுவே அவன் குணமாகிவிடுகிறது என்று முகத்திமாவில் எழுதினார் இப்னு கல்தூன் (1332–1406).

கவலையில் இருக்கும் பிள்ளையின் நிலை வேறு. "ஈமான் குறைவு" என்று அதனிடம் சொல்லிவிடுகிறோம். 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, காரணம் தெரிந்த துக்கத்தையும் தெரியாத துக்கத்தையும் பிரித்துக் காட்டினார். முதலாவதற்கு ஆறுதலும் சிந்தனைத் தெளிவும் மருந்து. இரண்டாவது உடலிலிருந்து எழுவதால் அதற்கு வைத்தியமும் வேண்டும் என்றார். சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரி (1932–2021) அந்நூலின் உளநலப் பகுதியை 2013-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

ஆகவே பிள்ளை வாரக்கணக்கில் உண்ணாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால், துஆவோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். உஸ்தாதிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். பாடம் ஒப்பிக்காததற்கு அவர் வேறு காரணம் நினைத்துக்கொண்டிருக்கலாம்.