யாரைக் கணக்கில் சேர்ப்பது? இந்தியக் காசநோய்த் திட்டத்தை மதிப்பிட்ட வரலாறு

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதற்கும், அந்த மருத்துவமுறை ஊரில் நடைமுறைக்கு வந்ததா என்பதற்கும் விடை தேடும் வழிகள் வேறுவேறு. முதல் கேள்விக்குச் சென்னையில் 1959இலேயே விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதை ஒழுங்காகக் கேட்கவே இந்தியாவுக்கு மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. தலைமை ஏற்றவர் வாலஸ் ஃபாக்ஸ். அன்று நாட்டில் இருந்த நோயாளிகளுக்குச் சானடோரியப் (காசநோய் மருத்துவமனை) படுக்கைகள் எந்த வகையிலும் போதாது. வீட்டிலேயே சிகிச்சை தர முடியுமா என்று பார்க்க, நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஐசோநயாசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரண்டு மருந்துகள்தாம். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம் எல்லாம் சானடோரியத்துக்காரர்களுக்கே கிடைத்திருந்தும் வித்தியாசம் அவ்வளவுதான். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்கும் தொற்று கூடுதலாகப் பரவவில்லை. சானடோரிய யுகத்தை முடித்துவைத்த ஆய்வு இது.

இதன் முடிவை உலகமே மேற்கோள் காட்டியது. முடிவு எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் பலர் கவனிக்கவில்லை. மையத்தின் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய், மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். தானே மருந்து சாப்பிட்டுக்கொள்ளும் நோயாளி இடையில் விட்டுவிடுவார் என்பது ஃபாக்ஸ் குழுவுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் அடுத்த ஆய்வில் வாரம் இருமுறை கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்து, 1964இல் அதன் முடிவை வெளியிட்டார்கள்.

1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தது. வீட்டுச் சிகிச்சையை அது எடுத்துக்கொண்டது. வீட்டுக்குப் போன கால்களை எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனை பேர் கண்டறியப்பட்டார்கள் என்பதே கணக்காயிற்று. அவர்களில் எத்தனை பேர் குணமானார்கள் என்று முறையாகச் சொல்லும் பதிவேடு இல்லை. 1992இல் நடந்த மறுஆய்வு, நிதிக் குறைவு, எக்ஸ்ரேயை அளவுக்கு மீறி நம்பியது, சிகிச்சையை முடித்தவர்களின் குறைந்த விகிதம் ஆகியவற்றோடு இதையும் ஒரு குறையாகச் சுட்டியது. என் பார்வையில் இதுவே மூலக் குறை. குணமானவர்களை எண்ணியிருந்தால் மற்றவை முன்பே வெளியே வந்திருக்கும்.

தான்சானியாவில் காசநோய் மருத்துவர் கரெல் ஸ்டிப்ளோ 1970களின் இறுதியிலிருந்து வேறொரு கணக்கை நடத்திவந்தார். ஒரு காலாண்டில் பதிவான அத்தனை பேரும் என்ன ஆனார்கள்: குணமானவர், இறந்தவர், இடையில் விட்டவர், வேறிடம் மாறியவர். யாரும் விடுபடக் கூடாது. 1992 மறுஆய்வுக்குப் பின் இந்தியாவில் திருத்தியமைக்கப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டம் இதையே பின்பற்றியது. 1993இல் முன்னோட்டம், 1997 முதல் விரிவாக்கம், 2006இல் நாடு முழுவதும். பதிவானவர்களில் 85 விழுக்காடு குணமாக வேண்டும் என்பது இலக்கு.

அலுவலகக் கணக்கோடு நில்லாமல், மக்களிடையே நோய் உண்மையில் குறைந்ததா என்று திருவள்ளூரில் சோதித்தார்கள். 1999–2001இல் ஒரு லட்சம் பேருக்கு 609 பேரின் சளியில் கிருமி வளர்ந்தது. 2004–06இல் அது 311. ஆண்டுக்கு ஏறக்குறைய 12 விழுக்காடு இறக்கம். அடுத்த கணக்கெடுப்பில் அந்த இறக்கம் தொடரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஸ்டிப்ளோவின் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு: பதிவேட்டுக்கே வராதவர் அதில் இல்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, 2013ஆம் ஆண்டுக்கு இதை மதிப்பிட்டது. நாட்டில் 27 லட்சம் நோயாளிகள் என்றால், அரசுத் திட்டத்தின் மையங்களை எட்டியவர்கள் 72 விழுக்காடு, நோய் உறுதியானவர்கள் 60, சிகிச்சைக்குப் பதிவானவர்கள் 53, முடித்தவர்கள் 45, ஓராண்டு கழித்தும் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 39. பதிவேட்டை மட்டும் புரட்டினால் திட்டம் வெற்றி. மொத்த நோயாளிகளால் வகுத்தால் பாதிகூடத் தேறவில்லை. இரண்டுமே உண்மையான எண்கள்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் கணக்கை இன்னொரு முனையிலிருந்து எடுத்தது. சிகிச்சை தொடங்கி முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே பலர் இறந்துபோகிறார்கள். எனவே நோய் உறுதியானதுமே உயரம், எடை, மூச்சு வேகம், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைச் சுகாதாரப் பணியாளர் பார்க்கிறார். ஆய்வகச் சோதனை எதுவும் வேண்டியதில்லை. ஆபத்து தெரிந்தவரை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எத்தனை பேருக்கு இந்த முதல் சோதனை நடந்தது, அவர்களில் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், எத்தனை நாளில் சேர்க்கப்பட்டார்கள் என்பதை மாவட்டவாரியாகக் கண்காணிக்கிறார்கள்.