நாஃப்பிலியோ

கிரேக்கத்தின் பெலொப்பொனேசுப் பகுதியில், ஆர்கோலிக் வளைகுடாக் கரையிலுள்ள துறைமுக நகரம். 1834-இல் ஏதென்சுக்கு மாறும்வரை புதிய கிரேக்கத்தின் தலைநகர் இதுவே. வெனிசியர் 1711–1714-இல் கட்டிய பலமிதி கோட்டை 216 மீட்டர் உயரக் குன்றில் நிற்கிறது; மறு ஆண்டே அது ஒட்டோமானியர் கைக்குப் போயிற்று. ஊர்ப்பேச்சில் 999 படிகள், எண்ணினால் அவ்வளவு வராது. வெயில் ஏறுமுன் ஏறிவிட வேண்டும்.

இரண்டே நாள் தங்குவோரும் புனித ஸ்பிரிடான் தேவாலயத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. 1831-இல் நாட்டின் முதல் ஆளுநர் கபோதிஸ்திரியாசை மாவ்ரோமிகாலிஸ் குடும்பத்தார் இருவர் அதன் வாசலில்தான் கொன்றனர். குண்டு பட்ட தடத்தைச் சுவரில் கண்ணாடியிட்டுக் காத்துவருகிறார்கள். கைப்பிடியளவு கல்தான், ஆனால் இளங்குடியரசு ஒன்று தடுமாறிய இடம் அது. துறைமுகத்துக்கு எதிரே, சிறு தீவில் பூர்ட்சி கோட்டை. மைசீனியும் எபிடாரஸ் அரங்கும் அருகிலேயே உள்ளன.